குடகனாற்றில் கொக்கு எண்ணப் போன மூன்று நாள்

வறுமையை ஒழிக்கப் போகிறவர்கள் விமானத்தில் முன்வரிசையில் உட்காருவார்கள் என்பது இந்தத் தை மாதம்தான் எனக்குத் தெரிந்தது. எனக்குப் பின்வரிசை, கழிவறைக்குப் பக்கம். மொழிபெயர்ப்பாளருக்கு வறுமையை ஒழிக்கும் பொறுப்பு கிடையாது, அதைத் தமிழில் சொல்லும் பொறுப்பு மட்டும்தான்.

எனக்கு ஊர் மலேசியாவில் ஈப்போ. நீதிமன்றம், மருத்துவமனை என்று தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் நின்று பேசிப் பிழைக்கிறவள். ஐரோப்பாவில் ஓர் அறக்கட்டளை. ஆற்றோர மக்களின் வறுமையைச் சுற்றுலா மூலம் குறைப்பது அவர்களுடைய திட்டம். சும்மா சுற்றுலா இல்லை, இயற்கையைக் கெடுக்காமல் என்றைக்கும் நிலைத்து நிற்கிற சுற்றுலா. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே விருந்தினர் தங்கும் வீடுகளுக்கு உதவுவார்கள். கடைசிச் சுற்றுக்கு இரண்டு இடங்கள் வந்திருந்தன. விண்ணப்பம், விதிமுறை, வழிகாட்டி எல்லாவற்றையும் நான்தான் பல மாதமாக ஈப்போவில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து தமிழாக்கினேன். நேரில் பார்த்து முடிவு சொல்லும் நிபுணரின் பெயர் எல்கா. ஐம்பது வயது, கையில் எவர்சில்வர் தண்ணீர்ப் புட்டி, தோளில் தொலைநோக்கி.

முதல் நாள் மத்தியானம் திண்டுக்கல்லில் பிரியாணிக் கடைக்குள் நுழைந்தோம். எல்கா பால்கூடத் தொடாத சைவம். அதைப் பரிமாறுகிறவரிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை.

"அதுக்கென்னம்மா, குஸ்கா போட்டுறலாம். சைவந்தேன்."

"கறியே இருக்காதா?"

"ஒரு துண்டு இருக்காது. கறி வெந்த தண்ணி மட்டுந்தேன் இருக்கும்."

நேர்மையாக மொழிபெயர்த்தேன். எல்கா பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு வந்த குஸ்காவையும் எனக்கு வந்த பிரியாணியையும் நானே சாப்பிட்டேன். பினாங்கின் நாசி கண்டார் கறிச்சோற்றை விட்டால் உலகத்தில் வேறு சோறே இல்லை என்று ஊரெல்லாம் வாதாடுகிறவள் நான். அந்தச் சீரகச் சம்பா என் வாயை அடைத்துவிட்டது, இரண்டு அர்த்தத்திலும்.

எதிர் மேசைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க எந்தூரும்மா?"

"ஈப்போ, மலேசியா."

"அது இருக்கட்டும், சொந்த ஊரு?"

"அதுதாங்க சொந்த ஊரு."

"அட, பூர்வீகம்?"

என் முப்பாட்டன் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. சொல்லிவிட்டுப் போக அவருக்கும் மனசில்லை போல. அதைச் சொன்னேன். மனிதர் விடவில்லை. "சரி, வீட்டுல எந்தச் சாமி கும்பிடுவீக?" அவர் எங்கே சுற்றி எங்கே வருகிறார் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் ஊர்க் கல்யாணங்களிலும் இதே கேள்வியை இதே சிரிப்போடு கேட்பார்கள். "சோறு போடுற சாமியை" என்றேன். அவரும் சிரித்துவிட்டு எலும்பைக் கவனிக்கப் போய்விட்டார்.

இரவு தங்கிய ஓட்டலைப் பற்றி ஒரே வரி: பூட்டுக்குப் பேர்போன ஊரில் என் அறைக் கதவு மட்டும் பூட்டவில்லை. நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்கினேன்.

இரண்டாம் நாள் தொப்பம்பட்டிப் பக்கம் பயணம். சுற்றுச்சூழல் திட்டம் என்பதால் மின்சாரக் கார் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஓட்டுநர் பாண்டிக்கு மீசை பெரிசு, வாய் அதைவிடப் பெரிசு. "இந்த வண்டி பொகையே விடாதும்மா" என்றார் பெருமையாக. அடுத்த மூச்சிலேயே, "எம்புட்டுத் தூரம் போகும்னுதேன் சொல்ல முடியாது" என்றார். எல்கா, ஓட்டுநர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

போட்டியிலிருந்த முதல் இடம் ஆற்றை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்காரர் வெள்ளை வேட்டி கசங்காமல் வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்க, வாங்க. ஏனுங்க, இந்தம்மாவுக்கு எளநி ஆகுமுங்களா?" ஆயிற்று. எல்கா இரண்டு இளநீர் குடித்தாள்.

ஓலை வேய்ந்த குடிசைகள், உள்ளே குளிர்சாதனம். பத்தடியில் ஆறு ஓடுகிறது, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நீச்சல் குளம். குளத்தைச் சுற்றி சிமெண்டில் செய்து வெள்ளையடித்த கொக்குகள், ஒவ்வொன்றும் ஒற்றைக் காலில்.

"நெசக் கொக்குன்னா எச்சம் போடுமுங்க" என்று விளக்கினார் தோப்புக்காரர். "ஒரு நாளைக்கு இருக்கும், ஒரு நாளைக்குப் போயிரும். இதுக எங்கியும் போகாதுங்க. வருசம் பூரா நிக்கும்."

எல்கா கேட்டாள். நான் தமிழில் சொன்னேன்: "இதில் ஏழைகளுக்கு என்ன பங்கு என்று நான் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதை நீங்க கேக்கறீங்களா, அவங்க கேக்கறாங்களா?"

இது எங்கள் தொழில் தர்மம். பேசுகிறவர் 'நான்' என்றால் நாங்களும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று ஒதுங்கி நிற்கக் கூடாது. அவருக்கு அதை விளக்கினேன். தலையாட்டிக்கொண்டு பதில் சொன்னார். "ஏழைங்க இல்லாமீங்களா? புல்லு வெட்டறது, குளம் கழுவறது எல்லாம் அவங்கதானுங்களே."

எல்கா குறிப்பேட்டில் எதையோ எழுதி அடிக்கோடிட்டாள்.

திரும்பும்போது ஒட்டன்சத்திரம் தாண்டியதும் கார் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. சார்ஜ் காலி. பக்கத்தில் வெண்டைக்காய்க் காடு, அதற்கப்பால் இன்னொரு வெண்டைக்காய்க் காடு. கடைசியில் தேங்காய் மட்டை ஏற்றி வந்த டிராக்டர்காரர் ஒருவர் இரக்கப்பட்டுக் கயிறு கட்டி இழுத்தார். டிராக்டர் விட்ட கரும்புகை நேராக எங்கள் ஜன்னலுக்குள் வந்தது. "பாத்தீகளா, நம்ம வண்டி பொகை விடல" என்றார் பாண்டி. இதை முழுசாக மொழிபெயர்த்தேன். எல்கா முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே எல்கா தன் கையடக்கக் கணினியில் ஒரு வீடியோவைக் காட்டினாள். அகரத்துக்குப் பக்கத்தில் குடகனாற்றங்கரைக் கிராமம் ஒன்றின் மகளிர் குழு, விண்ணப்பத்தோடு அனுப்பியது. சாயங்கால வெயிலில் தடுப்பணையில் தண்ணீர். தண்ணீருக்குள் நிற்கும் முள்மரங்கள் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கொக்கு, நாரை, கூடுகள், குஞ்சுகள். ஒரு மரத்தில் இலையே தெரியவில்லை.

"இதைப் பார்த்த அன்றைக்கே என்னைப் பொறுத்தவரை இந்த ஊர் வென்றுவிட்டது" என்றாள். "எங்களிடம் மட்டும் இருக்கிற மதிப்பெண் தாளில் பெரும்பகுதி பறவைகளுக்குத்தான். நாளை விடியலில் எண்ணுவது வெறும் சடங்கு." எனக்கே மனசு குளிர்ந்துபோனது. ஒரு நல்ல காரியத்துக்குக் கூலிக்கு மாரடித்தாலும் புண்ணியத்தில் பங்கு உண்டு அல்லவா?

மூன்றாம் நாள் விடியுமுன் கிளம்பி வெளுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏன் என்று பிறகு தெரியும். ஊர் எல்லையிலிருந்து தெருவின் இரண்டு ஓரமும் பிளீச்சிங் பவுடரால் நேர்கோடு போட்டிருந்தார்கள். "மந்திரி வந்தா போடுவாக, இப்ப உங்களுக்கு" என்றார் பாண்டி. பொங்கலுக்கு அடித்த வெள்ளை சுவரில் பளிச்சென்று இருந்தது. எந்த வீட்டு வாசலிலும் ஒரு காகிதத் துண்டு கிடையாது.

மகளிர் குழுத் தலைவி ஆரோக்கியமேரி அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சம்பங்கி, முருங்கை விவசாயம். அவர் கணவர் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தார். "வாங்கம்மா, வாங்க. செத்த நேரம் உக்காருங்க, காப்பித் தண்ணி குடிச்சிட்டுப் போவோம்" என்றவர், காப்பிக்கு முன்னால் அறையைத்தான் காட்டினார். விருந்தினருக்காகப் புதிதாகக் கட்டிய அறை. கொசுவலை போட்ட இரட்டைக் கட்டில், ஓட்டுக்கடியில் காற்று வர ஜன்னல், வெஸ்டர்ன் டாய்லெட். அந்த டாய்லெட்டின் மூடியில் ஒட்டியிருந்த கம்பெனித் தாளைக்கூட அவர் பிரிக்கவில்லை. முதலில் வருகிற விருந்தாளி பிரிக்கட்டும் என்று விட்டுவைத்தாராம்.

"மாடு ரெண்டையும் குடுத்துத்தேன் இதைக் கட்டுனோம்" என்றார். "எம்மக ஜெனிட்டாவுக்காகம்மா. பன்னெண்டு முடிச்சிருக்கா, இங்கிலீசு பேசுவா. வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லுல ஹாஸ்டல்ல இருக்கா. பஞ்சுத் தூசி ஆகல. ராத்திரி ஷிப்டு முடிச்சிட்டுப் போன்ல பேசுனா, பேச்சுல பாதி இருமல்தேன். இது வந்துட்டா, வர்றவுகளைப் பாத்துக்கிட்டு இங்கனயே இருந்துருவா. நேத்தே பையைக் கட்டிட்டேங்குறா."

அதை மொழிபெயர்த்தேன். எல்கா நெஞ்சில் கைவைத்து, "அவளிடம் நான் ஆங்கிலத்தில் பேசக் காத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள்" என்றாள். மேரி அக்காவுக்கு முகமெல்லாம் பல். பால் சேர்க்காத குழிப்பணியாரம் வந்தது. எல்காவின் சாப்பாட்டு விதிகளையும் நான் எழுதி அனுப்பியிருந்தேனே, ஒன்றையும் மறக்கவில்லை. எல்கா ஆறு சாப்பிட்டாள். மத்தியானச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன வெஞ்சனம் பிடிக்கும் என்று மேரி அக்காவின் விசாரணை வேறு.

பிறகு ஆற்றுக்கு நடந்தோம். குழுப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் சீருடைச் சேலையில் பின்னால் வந்தார்கள்.

தடுப்பணை இருந்தது. தண்ணீர் இருந்தது, கண்ணாடிபோல. கரை துடைத்துவிட்ட அடுப்படி மாதிரி இருந்தது. ஒரு முள் இல்லை, ஒரு மரம் இல்லை. ஒரு கொக்கும் இல்லை.

எல்கா தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். அப்புறம் இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "இடம் மாறி வந்துவிட்டோமா?"

மேரி அக்கா சிரித்தபடி நின்றார். "எப்புடிம்மா இருக்கு நம்ம ஆறு? எங்க ஆத்துல தண்ணி கெடக்குறதே அதிசயம். அதைக் காட்டத்தேன் வீடியோ எடுத்து அனுப்புனோம்."

"அந்த மரமெல்லாம் எங்கேக்கா?"

"வேலிக்கருவை தானம்மா? பொங்கலுக்கு முன்னாடியே ஜேசிபி வச்சு அம்புட்டையும் வழிச்சு எடுத்தாச்சு. நாங்க பொண்ணுக எல்லாஞ் சேந்து வேர் வரைக்கும் பொறுக்குனோம். கையெல்லாம் முள்ளு. கொக்கு எச்சம் போட்டு ஒரே நாத்தம்மா. விருந்தாளி வர்ற எடத்தை அப்படியா வச்சிருப்பாக?"

"குஞ்சுகள்?"

அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "கூட்டோட எடுத்து அங்கிட்டு ரோட்டோரப் புளிய மரத்துல வச்சோம். தாய்க்கொக்குதேன் வரல."

எல்கா கேட்டாள்: "யார் வெட்டச் சொன்னது?"

நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் மேரி அக்கா இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்து நீட்டினார். லேமினேஷன் போட்டிருந்தது. 'தேர்வாகும் ஊர்களுக்கான வழிகாட்டி', இருபது வரிகள். ஒவ்வொரு வரிக்கும் நேராகச் சிவப்பு மையில் ஒரு டிக். "நீங்க அனுப்புனதுதேன். பதினோராவது."

படிக்கத் தேவையே இல்லை. எனக்கு மனப்பாடம். 'நீர்நிலைகளிலும் கரைகளிலும் உள்ள அயல்நாட்டுத் தாவரங்களை அகற்றித் தூய்மையாக வைத்திருத்தல்.' ஆங்கிலத்தில் அவ்வளவுதான் இருந்தது. ஆனால் கிராமத்தில் இருப்பவர்களுக்குப் புரியாமல் போய்விடக் கூடாதே என்று ஒரு மகராசி கூடவே ஓர் உதாரணம் சேர்த்தாள். இணையத்தில் தேடிப் பார்த்து, தமிழ்நாட்டில் எல்லோரும் திட்டுகிற மரம் எது என்று கண்டுபிடித்து, 'உதாரணம்: சீமைக்கருவேலம்' என்று எழுதினாள். மேரி அக்கா வேலிக்கருவை என்றாரே, அதே மரம். அன்றைக்கு அவளுக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தில் அவ்வளவு பெருமை. எழுந்து போய் ஈப்போவுக்குப் பேர்போன வெள்ளைக் காப்பி ஒன்று வாங்கிக் குடித்தாள்.

ஒளித்து என்ன ஆகப் போகிறது? எல்காவிடம் சொன்னேன். உதாரணம் நான் சேர்த்தது, மரத்தின் பெயர் என்னுடையது, உங்கள் மூலத்தில் இல்லை. அவள் தொலைநோக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கோபப்பட்டிருந்தால் தேவலை. "தாவரவியல்படி அது சரியான உதாரணம்தான்" என்றாள். "நல்ல மொழிபெயர்ப்பு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்குள் திரும்பி நடக்கும்போது வழியெல்லாம் சண்டை போட்டேன். நாம் சொன்னதைத்தானே செய்தார்கள், இதைவிடக் கீழ்ப்படிகிற ஊர் உங்களுக்கு எங்கே கிடைக்கும், மரம் வளரும், கொக்கு வரும் என்றேன். மொழிபெயர்ப்பாளர் கருத்துச் சொல்லக் கூடாது என்பது இன்னொரு தொழில் தர்மம். அதை ஆற்றிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். எல்கா பொறுமையாகக் கேட்டாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அறிக்கையில் பறவைகளுக்கு ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் பூஜ்யம் விழுந்தால் மற்றக் கட்டங்களைக் கூட்டவே முடியாதாம். விதியை எழுதியது அவள் இல்லையாம். எவர்தான் எழுதினாரோ, இந்த உலகத்தில் விதியை எழுதியவரை மட்டும் நேரில் பார்க்கவே முடிவதில்லை. தென்னந்தோப்பு ஆற்றில் சில நீர்க்காகங்கள் இருந்ததை முந்தின நாளே குறித்து வைத்திருந்தாளாம். ஆக, குளம் கழுவுகிற ஏழைகளின் வறுமை குறையப் போகிறது. பாண்டி மீசையைத் தடவிக்கொண்டார். "கொக்குத் தலையில வெண்ணெய் வச்சுப் புடிச்ச கதைதேன்" என்றார்.

மேரி அக்கா வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. எல்கா எழுந்து நின்று, மரியாதையாக, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். அவள் நிறுத்துகிற இடத்தில் நான் தொடங்க வேண்டும்.

"உங்கள் உழைப்பை நான் மதிக்கிறேன்" என்றேன். "உங்கள் உபசரிப்பை மறக்க மாட்டேன். ஆனால் பறவைகள் இல்லாத நிலையில் இந்த ஊரை இந்த முறை என்னால் பரிந்துரைக்க முடியாது. மூன்று வருடம் கழித்து நீங்கள் மறுபடி விண்ணப்பிக்கலாம்."

நான், நான், நான். அத்தனை பெண்களில் ஒருத்திகூட எல்காவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள்.

ஒருத்தி, "கொக்கா?" என்றாள் மெதுவாக. "கொக்கு பாக்கவா அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்தாக?" எல்கா ஒவ்வொருவருக்கும் கைகூப்பிவிட்டுக் காருக்குப் போனாள்.

நான் போகவில்லை. "அக்கா" என்றேன். "அந்தப் பதினோராவது வரியில மரத்தோட பேரு... அவங்க எழுதல. நான்தான் எழுதினேன்."

மேரி அக்கா கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

"நல்லாத்தேம்மா எழுதியிருந்தீக" என்றார். "ஒரு வார்த்தை புரியாம இல்ல."

அப்போது அவருடைய போன் அடித்தது. திரையைப் பார்த்தார். எடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். மணி எட்டு தாண்டியிருந்தது, ராத்திரி ஷிப்டு முடிகிற நேரம். ஐந்தாறு தடவை அடித்த பிறகு பொத்தானை அமுக்கிப் போனை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே சொல்லிருங்கம்மா. இம்புட்டையும் எடுத்துச் சொன்னவுக, இதையும் சொல்லிருங்க. எனக்கு வாய் வரல."

"அம்மா!" என்றது போன். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல். "வெளிநாட்டம்மா வந்தாச்சா? ரூமைப் பாத்தாங்களா? அப்பாவை எப்ப வண்டி எடுத்துட்டு வரச் சொல்ற?"

"நான் அம்மா இல்லம்மா" என்றேன். "கூட வந்த மொழிபெயர்ப்பாளர்."

"அய்யோ, அக்காவா! நீங்க எழுதுன தாளை அம்மா எனக்குப் போன்லயே படிச்சுக் காட்டுச்சுக்கா. இருபதுல எத்தனைக்கா ஓகே ஆச்சு?"

மரண தண்டனையை மொழிபெயர்த்திருக்கிறேன். புற்றுநோய் என்று ஒரு தகப்பனிடம் சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் பிறர் சொன்னது, எனக்கு வாய் மட்டும்தான். இதைச் சொல்ல எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை.

"இந்தத் தடவை இல்லம்மா" என்றேன். "தப்பு உங்க மேல இல்ல. என் மேல."

இரைச்சலுக்கு மேல் இருமல் கேட்டது. நெடுநேரம் இருமினாள். மேரி அக்காவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சரிக்கா" என்றாள் ஜெனிட்டா கடைசியில். "பக்கத்துல அம்மா அழுகுதா? அழ வேணாம்னு சொல்லுங்க. இன்னைக்கு ராத்திரி ஷிப்டுக்குப் பேரு குடுக்கல, இப்பவே போய்க் குடுத்துர்றேன்." போனை வைத்துவிட்டாள்.

நான் திரும்பி, தமிழிலிருந்து தமிழுக்கு, சொன்னேன்: "உங்களை அழ வேண்டாம்னு சொல்றாங்கக்கா."

மேரி அக்கா போனை வாங்கி முந்தானையில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நான் எங்கம்மா அழுறேன்?" என்றார். "நீங்கதேன் அழுறீக."